காகிதத்தில் அண்ணி கட்டிய ஊர்

தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. கூடத்திலிருந்து டக், டக் என்று சத்தம். அண்ணி என்னைக் கூப்பிடுகிறார். பேச்சு போன பிறகு, ஸ்பூனால் சாப்பாட்டு மேஜையைத் தட்டித்தான் கூப்பிடுவார்.

“இருங்க அண்ணி, ஒரு தோசை ஊத்திட்டு வந்துடறேன்” என்றேன்.

தட்டல் வேகமானது. அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன்.

மேஜை முழுக்கக் கிழித்த காகிதம். அண்ணிக்கு முன்னால் சட்டைப் பெட்டியின் மூடி ஒன்று கிடந்தது. அதன்மேல் காகிதத் துண்டுகளை அடுக்கி ஒரு படம் செய்திருந்தார். இன்னும் ஒட்டவில்லை. ஆடித் தள்ளுபடி நோட்டீசின் மஞ்சள், வானமாகியிருந்தது. நடுவில் வெளிர் நிறத்தில் ஒரு மாடிக் கட்டடம். அதன் ஒவ்வொரு ஜன்னலிலும் முகத்துக்குப் பதிலாகத் தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த எண்கள். பதினேழு, நான்கு, இருபத்தொன்பது. கேட்டுக்கு வெளியே சின்னதாக ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அழகாகத்தான் இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தக் கட்டடம் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

கேளம்பாக்கத்தைத் தாண்டி இருக்கும் ஒரு முதியோர் இல்லம் அது. அதன் விளம்பரத் தாளை முந்தின நாள்தான் என் கணவர் அச்செடுத்துக்கொண்டு வந்து, பேப்பர் கட்டுக்கு அடியில் செருகி வைத்திருந்தார்.

அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெலிபோன் அண்ணி

கௌசல்யா அண்ணி என் கணவரின் மூத்த அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராகச் சேர்ந்து, பிறகு புகார்ப் பிரிவுக்கு மாறி, ஓய்வு பெறும்வரை பேசியே சம்பாதித்தவர். கத்திக்கொண்டு போன் செய்கிறவர்கள்கூட அண்ணியிடம் பேசி முடிக்கும்போது “நன்றிங்க மேடம்” என்று சொல்லித்தான் வைப்பார்கள் என்று அவருடன் வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு அந்த மேடத்தைத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர் எங்கள் மந்தைவெளி வீட்டில் இருந்த அண்ணி.

நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம். சமையலறை வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சமைக்க வருமா, இல்ல படிச்சது மட்டும்தானா?”

“ரெண்டும் வரும் அண்ணி. சண்டை போடத்தான் கத்துக்கணும்.”

“அதுக்கு நான் இருக்கேன்.”

சொன்ன சொல் தவறவில்லை. ரசத்தில் புளி கூடிப்போனதற்கு, கொடியில் என் துணி அவருடைய துணிமேல் விழுந்ததற்கு, டிவி சத்தத்துக்கு, ஜன்னலைச் சாத்தியதற்கு, சாத்தாததற்கு என்று இருபத்தாறு வருஷம் நாங்கள் சண்டை போட்டோம். நடுவில் என் மகள் பிறந்து, படித்து, பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். சண்டை மட்டும் அதே வீட்டில் இருந்தது. ஒன்று சொல்ல வேண்டும். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருவதும் அண்ணிதான். “உப்பு பத்தலன்னு சொன்னே, மூஞ்சிலயே ஊத்திடுவேன்” என்று சொல்லிக்கொண்டே தருவார்.

எல்லாமே சனிக்கிழமை

சென்ற வாரம் இந்தத் தொடரில், தி.நகர் நகைக்கடையில் நான் கம்மல் பிரிவில் விற்பனைக்கு நின்ற அனுபவங்களை எழுதியிருந்தேன். அந்த வேலைக்கு நடுவில் சில மாதங்கள் லீவு போட நேர்ந்தது இதனால்தான்.

ஒரு காலை அண்ணி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தார். கையிலிருந்த கிளிப் டப்பா நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடை திரும்பியது. வலது கை பாதிதான் திரும்பியது. பேச்சு வரவே இல்லை.

வரவில்லை என்பதைவிட, எல்லாம் ஒரே சொல்லாக வந்தது என்று சொல்ல வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால் “சனிக்கிழமை” என்பார். மின்விசிறியைக் காட்டி “சனிக்கிழமை.” என் கணவர் சேகரைப் பார்த்து, “டேய்” என்று கூப்பிடும் அதே தொனியில் “சனிக்கிழமை.” தான் சரியாகத்தான் சொல்கிறோம் என்று முதலில் நினைத்துக்கொண்டிருந்தார் போல. நாங்கள் விழிப்பதைப் பார்த்து அவருக்குக் கோபம் வரும். பிறகு, தன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று தெரிந்துவிட்டது. அதன் பிறகு வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டார். ஸ்பூன் தட்டல் அப்போது ஆரம்பித்ததுதான்.

எவ்வளவு புரிகிறது என்பது போகப் போகத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. முதலில் காது கேட்காதவரிடம் பேசுவது போலக் கத்திப் பேசினார்கள். அப்புறம் குழந்தையிடம் பேசுவது போலப் பேசினார்கள். கடைசியில், அவர் அந்த அறையிலேயே இல்லாத மாதிரி, எங்களிடம் மட்டும் பேசிவிட்டுப் போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நொச்சிக்குப்பத்துக்கு அழைத்துப் போனேன். சாலையோரத்தில் மீன் விற்கும் செல்வியிடம் பேரம் பேசுவது அண்ணிக்கு ஒரு கச்சேரி மாதிரி. அன்று அண்ணி பேசாமல் நின்றார்.

“இன்னாக்கா, உங்க அண்ணி வாயத் தொறக்காம நிக்கிது? வெல கேக்காம போனதே கெடையாதே இது. கோவமா இருக்குதா?” என்று செல்வி என்னிடம் கேட்டாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். செல்வி கத்தியைக் கீழே வைத்தாள். அப்போது அண்ணி, தராசைக் காட்டி, பழைய மிடுக்கோடு சத்தமாகச் சொன்னார். “சனிக்கிழமை! சனிக்கிழமை!”

செல்வி ஒரு விநாடி பார்த்தாள். பிறகு இன்னொரு சங்கரா மீனை எடுத்துத் தட்டில் போட்டாள். “இந்தா, சனிக்கெழமைக்கும் சேத்து ஒண்ணு. போதுமா?”

அண்ணி சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அட்டை இல்லாத நாவல்

மத்தியானங்கள்தான் கஷ்டம். சேகர் மாட வீதிக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடுவார். வீட்டில் நானும் அண்ணியும் மட்டும். சண்டைகூட இல்லாத வீடு எனக்குப் பழக்கமில்லை. அதனால் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். அண்ணிக்காக என்று சொல்ல மாட்டேன். யாராவது பேசும் சத்தம் எனக்குத் தேவையாக இருந்தது.

பழைய புத்தகக் கடையில் எப்போதோ வாங்கிப் போட்ட மெலிந்த நாவல் ஒன்று கையில் கிடைத்தது. அட்டையும் முதல் தாள்களும் போய்விட்டிருந்ததால், பெயரும் தெரியாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது. ஒரு பெண் உப்பு வாங்கக் கடைக்குப் போகிறாள். திரும்பி வரும்போது தெருக்கள் இடம் மாறியிருக்கின்றன. வீட்டைத் தேடி நடக்கிறாள், நடக்கிறாள். கடல் வந்து படுத்துத் தூங்கும் ஒரு குளத்தைப் பார்க்கிறாள். மரங்கள் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு தெருவைக் கடக்கிறாள். கனவில் நடப்பது போல, எதற்கும் காரணம் சொல்லாமல் கதை போகிறது. எனக்கே பாதி புரியவில்லை.

மூன்றாவது அத்தியாயத்தில் அவள் ஒரு சந்தைக்கு வருகிறாள். அங்கே யார் வாய் திறந்தாலும் சொல் வராது. சாமான்கள்தான் உதிரும். ஒருத்தர் வாயிலிருந்து பொத்தான், இன்னொருத்தர் வாயிலிருந்து இலை, சாவி, கோழிக்குஞ்சு. எதிரில் இருப்பவர் அதைப் பொறுக்கிப் பார்த்து, என்ன சொல்ல வந்தார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நான் படித்துக்கொண்டிருந்தபோதே அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார். இடது கைதான், ஆனால் வலித்தது. புத்தகத்தைக் காட்டினார். திரும்பப் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

மறுநாள் நான் குளித்துவிட்டு வந்தபோது, வார இதழ்களை எல்லாம் மேஜைமேல் இழுத்துப் போட்டிருந்தார். கத்தரிக்கோல் பிடிக்கக் கை வராது. இடது கையின் கட்டை விரலால் தாளை மேஜையோடு அழுத்திக்கொண்டு, மற்ற விரல்களால் துளித் துளியாகக் கிழித்தார். நகை விளம்பரத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் முகம். அவள் வாய்க்குக் கீழே செருப்பு, குடை, முருங்கைக்காய், ஒரு ரயில் பெட்டி, பாதி வெட்டிய பப்பாளி எல்லாம் வரிசையாக உதிர்ந்துகொண்டிருந்தன. அவள் கண்ணை மட்டும் வேறொரு படத்திலிருந்து எடுத்து மாற்றி வைத்திருந்தார். அது ஒரு பூனையின் கண். கோபமான பூனை.

நான் சமையலறைக்குப் போய் மைதாப் பசை காய்ச்சிக்கொண்டு வந்தேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் ஓர் அத்தியாயம் படிப்பேன். அவர் கிழித்து அடுக்குவார். நான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பசை தடவி அதே இடத்தில் ஒட்டுவேன். கொஞ்சம் நகர்ந்தாலும் ஸ்பூன் தட்டும்.

பார்த்தவர்கள், “பாவம், கொழந்த மாதிரி ஆயிட்டாங்க. பொழுது போவட்டும்” என்றார்கள். கதையைப் புரிந்துகொண்டு செய்கிறாரா, நிறத்தைப் பார்த்து அடுக்குகிறாரா என்று எனக்கும் உறுதியாகத் தெரியாது.

மறுபடி அந்தக் காலை

முந்தின நாள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து சேகரின் தம்பி ரவி போன் செய்தான். சேகர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதே மேஜையில் எதிரில் அண்ணி, காகிதத்தைக் கிழித்தபடி.

“அக்காவுக்கு எங்க இருக்கோம்னே தெரியலண்ணா. அந்த ஹோம்லன்னா நர்ஸ் இருக்காங்க. நீங்களும் விஜி அண்ணியும் எத்தன நாளைக்குக் கட்டிப்போட்ட மாதிரி இருப்பீங்க?”

“அதான் நானும் யோசிக்கிறேன். விஜிக்கும் கடையிலேர்ந்து கூப்ட்டுக்கினே கீறாங்க. இன்னா பண்றது” என்றார் சேகர், என்னைப் பார்த்தபடி.

நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அண்ணி தலையை நிமிர்த்தவே இல்லை. அன்று மத்தியானம் நான் படித்த அத்தியாயத்தில் அந்தப் பெண் ஒரு பெரிய வீட்டுக்கு வருகிறாள். அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள், சோறு போடுகிறார்கள், பாய் விரிக்கிறார்கள். ஆனால் பெயர் கேட்க மாட்டார்கள். அறை எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

இப்போது அந்த வீடு என் முன்னால் இருந்தது. ஜன்னல்களில் எண்கள். வாசலில் முதுகைக் காட்டி நிற்கும் பெண்.

சேகர் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தார். “இன்னா, ரெண்டு பேரும் செல மாதிரி நிக்கிறீங்க?” என்றபடி மேஜையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“அக்கா. நேத்து நாங்க பேசனதெல்லாம்…”

அண்ணி அந்தக் கட்டடத்தின்மேல் விரலை வைத்தார். பிறகு அந்தச் சின்னப் பெண்ணைத் தொட்டார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டார்.

“சனிக்கிழமை” என்றார். மெதுவாக.

சேகர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகம் ஏற்கெனவே துடைத்து உலர்ந்துதான் இருந்தது. “நீ எங்கயும் போவ வேணாம்க்கா. எங்கயும் வேணாம்” என்றார். எழுந்து பால்கனிக்குப் போய் ரவிக்குப் போன் செய்தார். குரல் உள்ளே வரை கேட்டது. “அக்காவுக்குப் புரியுதுடா. எல்லாம் புரியுது. நாமதான்டா அவங்க எதிர்லயே உக்காந்து பேசிக்கினு இருந்தோம்.”

நான் அங்கேயே நின்றேன். அண்ணி என்னைப் பார்த்தார். பசைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். ஒட்டு என்று அர்த்தம். காற்று வந்தால் பறந்துவிடுமே.

ஜெராக்ஸ் கடையில் ஒரு நாற்காலி

அதற்கப்புறம் வேலைகள் வேகமாக நடந்தன. அடையாற்றில் பேச்சுப் பயிற்சி மையம் ஒன்று இருப்பதாக விசாரித்து அழைத்துப் போனோம். பயிற்சி தரும் நிவேதா சின்னப் பெண். என் மகளைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். நாங்கள் கொண்டுபோன படங்களைப் பார்த்ததும் தன் பையைக் கீழே வைத்துவிட்டு அவற்றைத் தரையில் பரப்பினாள்.

“இது கொலாஜ் மேடம். இவங்களே செஞ்சதா? இனிமே என் படக் கார்டெல்லாம் வேணாம். இத வச்சே பேசலாம். அவங்க தேடி எடுத்த சாமான், அதோட பேரும் உள்ள எங்கயாவது இருக்கும். சேர்ந்து தேடுவோம்.”

வீட்டில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். காலையில் அண்ணி சேகரோடு கடைக்குப் போவார். ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி. வீணான தாள்கள் எல்லாம் அவருக்குத்தான். நகைக்கடையில் பேசி, நான் மதியம்வரைக்கும் மட்டும் நிற்கிற மாதிரி மாற்றிக்கொண்டேன். திரும்பும்போது ரங்கநாதன் தெருவில் கிடைக்கிற நோட்டீசுகள், ஜவுளிக்கடைப் பைகள், எதையும் விடாமல் வாங்கி வருவேன். பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என் மடியில் இருக்கும் குப்பையைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்ததும் உண்டு.

முதல் சரியான சொல் எப்போது வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். குளத்தில் கடல் தூங்கும் படத்தைத் திரும்பச் செய்துகொண்டிருந்தோம், முதலில் செய்தது அவருக்குப் பிடிக்கவில்லை. நான் ஒரு படகைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன்.

“இல்ல!” என்றார் அண்ணி.

இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். என் பெயரைச் சொல்வார், அம்மா என்பார் என்றெல்லாம் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது “இல்ல.” நான் அழுதுகொண்டே படகை உரித்து நேராக ஒட்டினேன். அன்று மாலைக்குள் அந்தச் சொல்லை அவர் பத்து இடத்தில் பயன்படுத்தினார். காபிக்கு இல்ல. டிவிக்கு இல்ல. என் புடவைக்கும் இல்ல.

கதவருகே வந்த சண்டை

நாவலின் கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் தன் வீட்டைக் கண்டுபிடித்துவிடுகிறாள். உள்ளே விளக்கு எரிகிறது. கதவு சாத்தியிருக்கிறது. தட்டுவதற்குக் கையைத் தூக்குகிறாள். அத்தோடு கதை முடிகிறது. தட்டினாளா, யாராவது திறந்தார்களா, ஒன்றும் இல்லை.

நான் ஒரு நல்ல மரக்கதவைத் தேடி எடுத்து, அண்ணி காட்டிய இடத்தில் ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் கதவைப் பாதி உரித்து வைத்திருக்கிறார். இடைவெளியில் வேறொரு பெண். சமையல் எண்ணெய் விளம்பரத்திலிருந்து எடுத்தது. இடுப்பில் ஒரு கை, மறு கையில் கரண்டி. சிரித்துக்கொண்டிருந்த அவள் வாயைக் கிழித்துவிட்டு, இறுகிய ஒரு வாயை வைத்திருந்தார்.

“கதைல இப்படி இல்லியே அண்ணி. கதவு சாத்தித்தானே இருக்கு?”

“இல்ல.”

“அங்க யாரும் தொறந்தாங்கன்னு போடலியே.”

“இல்ல, இல்ல!” ஸ்பூன் வேறு.

“சரி, யாரு இது? கரண்டியும் கையுமா?”

அண்ணி என்னைக் கையால் காட்டினார்.

“நான் இவ்ளோ கடுகடுன்னா இருப்பேன்?”

தலையை ஆட்டினார். ஆமாம் என்று. அதில் சந்தேகமே இல்லாத மாதிரி.

நான் அந்தக் கரண்டிக்காரியை எடுத்து, பின்பக்கம் பசை தடவி, கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே தடவி, அழுத்தி ஒட்டினேன். உரிக்கவே முடியாதபடி.

அடையாற்றில் ஒரு மாலை

மையத்தில் நிவேதா ஒரு சின்னக் கூட்டம் ஏற்பாடு செய்தாள். அங்கே பயிற்சிக்கு வருபவர்களும் அவர்கள் வீட்டாரும்தான். சுவரில் அண்ணியின் படங்கள் வரிசையாக மாட்டப்பட்டன. அதே முதியோர் இல்லப் படமும் இருந்தது. ரவியும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். அந்தப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு வந்து, அக்காவின் காலடியில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

ஒரு வயதானவர் தன் மனைவியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த அம்மாவுக்கும் பேச்சு போய்விட்டது. சமீபத்தில்தான் என்றார். சந்தைப் படத்துக்கு முன்னால் நின்றார். வாயிலிருந்து உதிரும் செருப்பையும் பப்பாளியையும் பார்த்துவிட்டு, தன் மனைவியைப் பார்த்தார்.

“இதெல்லாம் நீங்களா செஞ்சீங்கம்மா? தனியாவா?” என்று அண்ணியிடம் கேட்டார். கத்தாமல், குழந்தையிடம் பேசுவது போல இல்லாமல், சாதாரணமாகக் கேட்டார்.

அண்ணிக்கு இப்போது கொஞ்சம் சொற்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் வெகுதூரத்திலிருந்து நடந்து வருகிற மாதிரி வரும். நாங்கள் காத்திருந்தோம். நிவேதா எனக்குக் கண் காட்டினாள், எடுத்துக் கொடுக்காதே என்று.

“இல்ல” என்றார் அண்ணி. தன்னைத் தொட்டுக்கொண்டார். “நான்… கிழி.” பிறகு முழங்கையால் என்னை இடித்தார். “இவ… ஒட்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் இருபத்தாறு வருஷத்தையும் இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

அந்தப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. “எப்படி ஆரம்பிக்கணும்?” என்று கேட்டார். அவருக்கு அவசரம்.

அண்ணி சுற்றிலும் பார்த்தார். மேஜைமேல் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கான சமோசா வைத்திருந்தார்கள். அதன் அடியில் பழைய வார இதழ் ஒன்று விரித்திருந்தது. தட்டை நகர்த்தச் சொல்லி ரவிக்குக் கை காட்டினார். எண்ணெய்க் கறை படாத தாளாகப் பார்த்து இழுத்தார். எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்து, அந்த அம்மாவின் மடியில் வைத்தார்.

அந்த அம்மா தாளைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். ஏதோ பூச்செடி விற்கும் விளம்பரம் அது. அண்ணி அந்த அம்மாவின் இடது கையை எடுத்துத் தாளின் ஓரத்தில் வைத்து, கட்டை விரலை அழுத்தச் சொல்லிக் காட்டினார்.

“கிழி” என்றார்.

அந்த அம்மா ஒரு செம்பருத்தியைச் சுற்றி மெதுவாகக் கிழிக்க ஆரம்பித்தார்.